சிரசே பிரதானமா?

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்ததில், மனிதனைப் பொறுத்தவரையிலும், அவன் வளர்க்கும் ஆடு மாடு பறவைகளைப் பொறுத்தவரையிலும், யாதொரு பிழையும் காண முடியாது. கையிழந்தவன் வாழ்கிறான், காலிழந்தவன் வாழ்கிறான், கண்ணும் செவியும் கெட்டவன்கூடப் பிறர் துணைகொண்டு நெடுங்காலம் வாழ்கிறான், சிரசை இழந்தும் வாழ்ந்தவனென்று சொல்ல வேண்டுமானால், ராமாயணத்துக் கபந்தனைத்தான் தேடிப் போக வேண்டும். ஆனால் அந்தப் பழமொழியைச் சமையலறை அலமாரியின் இடுக்கிலிருந்து இரவில் மீசையை ஆட்டிக்கொண்டு வெளிவரும் கரப்பான் பூச்சியிடம் கொண்டுபோனால், அது அங்கே செல்லுபடியாகாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து டெலவேர் வாலி கல்லூரியில் பூச்சியியல் ஆராய்ச்சி நடத்திவந்த கிறிஸ்டோபர் டிப்பிங் என்பவர், சாக்கடைகளில் திரியும் பெரிய செந்நிறக் கரப்பான்களை நுண்பெருக்கியின் கீழ் கிடத்தி, நிதானமாகத் தலையை வெட்டியெடுத்து, காயத்தின் வழியே உடம்பு உலர்ந்துபோகாமலிருக்கப் பல் வைத்தியர்கள் உபயோகிக்கும் மெழுகால் கழுத்தை அடைத்து, ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் விட்டுவைத்தார். அவற்றில் இரண்டொன்று பல வாரங்கள் உயிரோடிருந்தன. வெட்டுண்ட தலையும் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. தனியே கிடந்தபடி சில மணி நேரம் அது தன் உணர்கொம்புகளை ஆட்டிக்கொண்டிருக்கும்.

இதை இயற்கையின் விசித்திரங்களுள் ஒன்றென்று வியந்து விட்டுவிடுவது எளிது. ஆனால் தலை போனதும் மனிதன் ஏன் மாண்டுபோகிறான் என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டால், வியப்புக்குரியது கரப்பானா மனிதனா என்ற சந்தேகமே எழுந்துவிடும். நம்முடைய ரத்தம் இதயத்தால் பலமாக அழுத்தப்பட்டு, மூடிய குழாய்களுக்குள்ளே விசையோடு ஓடுகிறது. ஆகையால் கழுத்து அறுந்த கணத்திலேயே அது பீறிட்டு வெளியேறி, அழுத்தம் முற்றிலும் வீழ்ந்துவிடுகிறது. நாம் மூச்சுவிடுவது மூக்காலும் வாயாலும். அவை இரண்டும் இருப்பது தலையில். மூச்சை நடத்தும் ஆணையும் தலைக்குள்ளிருக்கும் மூளைத் தண்டிலிருந்துதான் பிறக்கிறது. போதாக்குறைக்கு, உடம்பின் வெப்பத்தை எப்பொழுதும் ஒரே அளவில் காத்துவரும் செலவுக்காக நாம் நாள் தவறாமல் உண்டாக வேண்டும். இத்தனை அத்தியாவசியங்களையும் ஒரே ஸ்தானத்தில் கொண்டுபோய்க் குவித்து வைத்திருப்பதனால்தான் நமக்குச் சிரசு பிரதானமாயிற்று. பூச்சியின் உடலமைப்பில் அந்தக் குவிப்பு இல்லை.

பூச்சியின் ரத்தம் பெரும்பாலும் நிறமற்றதாகவோ இளமஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ இருக்கிறது. முதுகையொட்டி நீண்டு கிடக்கும் ஒற்றைக் குழாயே அதன் இதயம். அந்தக் குழாயை விட்டு வெளிவந்ததும் ரத்தம் நாளங்களுக்குள் அடைபடாமல், உடலின் உட்குழிவிலே குடலையும் தசையையும் நனைத்துக்கொண்டு மந்தமாகப் புரளுகிறது. அழுத்தம் மிகக் குறைவாதலால் கழுத்தில் வெட்டு விழுந்தாலும் பீறிடுவதற்கு ஒன்றுமில்லை. சிறிது கசிந்து, உறைந்து, வாயை மூடிக்கொள்கிறது. மேலும் அந்த ரத்தம் உணவையும் கழிவையும் சுமப்பதே பெரும்பாலான பூச்சிகளில் காணப்படும் வழக்கம். பிராணவாயுவைச் சுமக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பவை மூச்சுக்குழல்கள். கரப்பானின் உடம்பில் மார்பின் பக்கங்களில் இரண்டு ஜோடியும் வயிற்றின் பக்கங்களில் எட்டு ஜோடியுமாக இருபது சுவாசத் துளைகள் இருக்கின்றன. தலையில் ஒன்றுகூட இல்லை. துளைகளிலிருந்து உட்செல்லும் குழல்கள் கிளைத்து, மேலும் கிளைத்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நுனிகளாகி, காற்றை ஒவ்வொரு திசுவின் வாசலுக்கும் நேரே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

மூச்சு எங்கே இருக்கிறது என்பதை முதன்முதலில் கண்ணாரக் கண்டு எழுதியவர் இத்தாலியில் பொலோனியா நகரத்து வைத்தியரான மார்செல்லோ மால்பீகி. பட்டுப்புழுவின் உள்ளமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1669-இல் வெளியாயிற்று. புழுவின் பக்கவாட்டிலுள்ள துளைகளில் எண்ணெய் தடவினால் புழு மூச்சுத் திணறி இறப்பதையும் அவர் கண்டார். எண்ணெய் பட்டால் பூச்சிகள் மாளும் என்பதை அவருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். துண்டாக்கப்பட்ட பூச்சியின் துண்டுகள் சிறிது நேரம் உயிரோடு அசைவதையும் அவரே கவனித்து எழுதியிருக்கிறார். ஆனால் முன்னதற்குக் காரணம் சொல்ல அவரிடம் மால்பீகியின் கண்ணாடி வில்லை இல்லை. தேங்கிய நீரின்மேல் எண்ணெயைப் படலமாக ஊற்றிக் கொசுப் புழுவைக் கொல்லும் சுகாதாரத் துறையின் வழக்கமும் இதே தத்துவத்தைச் சேர்ந்ததுதான். தலைகீழாகத் தொங்கும் அந்தப் புழு தன் வாலருகே உள்ள சிறிய குழலை நீர்ப்பரப்புக்கு மேலே நீட்டி மூச்சு வாங்குகிறது. அந்தக் குழலின் முனையை எண்ணெய் அடைத்துவிட்டால், தலையும் வாயும் கண்ணும் பழுதில்லாமலிருந்தும் புழு பிழைப்பதில்லை. ஆக, தலை போயும் பிழைக்கிற பிராணி, கண்ணுக்குத் தெரியாத துளை அடைபட்டால் மடிந்துபோகிறது.

இனி, மூச்சும் ரத்தமும் தலையை நம்பியிராவிட்டாலும், நடப்பதற்கும் அசைவதற்கும் ஆணையிடும் மூளை தலையில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். பூச்சிக்கு மூளை உண்டு. ஆனால் ஆட்சி முழுவதும் அதன் கையில் இல்லை. வயிற்றுப்பக்கமாக உடல் நெடுகிலும் ஓடும் நரம்பு வடத்தில் இடையிடையே முடிச்சுகள் அமைந்திருக்கின்றன; ஒவ்வொரு முடிச்சும் தன் வட்டாரத்துக் காலையோ இறகையோ வயிற்று வளையத்தையோ பெரும்பாலும் தானே நடத்திக்கொள்கிறது. ராஜதானியில் அரசுகள் கவிழ்ந்துகொண்டிருந்தபோதும் தன் குளத்தைத் தானே வெட்டித் தன் நீரைத் தானே பங்கிட்டுக்கொண்ட பழைய கிராம சபையை இந்த ஏற்பாடு எனக்கு நினைவூட்டுகிறது. தலையற்ற கரப்பான் அத்தனை வாரமும் சும்மா கிடப்பதில்லை, எழுந்து நிற்கிறது, தொட்டால் அசைகிறது. இதைவிடப் பெரிய செய்தி ஒன்றை 1962-இல் ஏட்ரியன் ஹாரிட்ஜ் என்ற விஞ்ஞானி வெளியிட்டார். தலை நீக்கிய கரப்பானை அந்தரத்தில் தொங்கவிட்டு, அதன் கால் ஓர் அளவுக்குக் கீழே தாழ்ந்து உப்புநீரைத் தொடும்போதெல்லாம் மின்னதிர்ச்சி பாயும்படி அவர் அமைத்தார். சற்று நேரத்துக்கெல்லாம் அந்தக் கால் தாழாமல் மேலேயே நிற்கக் கற்றுக்கொண்டது. கூடவே இன்னொரு கரப்பானுக்கும் அதே நேரத்தில் அதே அதிர்ச்சிகள் கொடுக்கப்பட்டன. ஆனால் அதன் கால் எந்த நிலையிலிருந்தாலும் அவை பாய்ந்தன. ஆகவே அது எதையும் கற்கவில்லை. கற்றல் என்பது தலைக்குரிய தனிச் சொத்து என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாகவே இருந்திருக்கும்.

மூளை சில சமயங்களில் ஆணையிடுவதைவிடத் தடுப்பதையே தன் வேலையாகக் கொண்டிருக்கிறது. கும்பிடுபூச்சியின் பெண், கூடும் வேளையில் ஆணின் தலையைக் கடித்துத் தின்றுவிடுவதுண்டு என்பது பலர் அறிந்த கதை. அமெரிக்க விஞ்ஞானி கென்னத் ரோடர் 1935-இல் அதைப் பரிசோதனையால் விளக்கினார். தலைக்குள்ளிருக்கும் ஒரு நரம்பு முடிச்சு கூடல் அசைவுகளை இடைவிடாமல் அடக்கிவைத்திருக்கிறது. தலை போனதும் அந்த அடக்கம் நீங்கி, உடம்பு முன்னிலும் தீவிரமாகத் தன் கடமையைச் செய்கிறது. பெண்ணின் பசிக்கு இரையானவன் சந்ததிக்குத் தந்தையாவதற்கு அதனால் தடை ஏற்படுவதில்லை.

அப்படியானால் தலையால் பூச்சிக்கு ஆவதுதான் என்ன? உண்பது, பார்ப்பது, முகர்வது ஆகிய வெளிப்படையான காரியங்களை விட்டுவிட்டு, ஒருவரும் எதிர்பாராத ஒரு காரியத்தைச் சொல்கிறேன். போலந்து நாட்டு ஸ்டெஃபான் கோபெச், ஒருவகை அந்துப்பூச்சியின் கம்பளிப்புழுக்களிலிருந்து மூளையை மட்டும் நீக்கிப் பார்த்தார். புழு சாகவில்லை, ஆனால் கடைசித் தடவை சட்டை உரித்ததிலிருந்து சுமார் பத்து நாள் கழிவதற்குள் மூளையை எடுத்துவிட்டால், அது கூட்டுப்புழுவாக மாறவே இல்லை. பத்து நாளுக்குப் பின் எடுத்தால் மாற்றம் தடையின்றி நடந்தது. தக்க தருணத்தில் புழுவின் இடுப்பை நூலால் இறுக்கிக் கட்டினால், முன்பாதி கூட்டுப்புழுவாயிற்று. பின்பாதி புழுவாகவே நின்றுவிட்டது. நரம்பு வடத்தை அறுத்துவிட்டாலோ எந்த வேறுபாடும் ஏற்படவில்லை. மூளை நரம்பின் வழியாக அல்லாமல், ரத்தத்தின் வழியாக ஏதோ ஒரு திரவத்தை அனுப்பியே மாற்றத்தைத் தூண்டுகிறது என்று அவர் முடிவு செய்தார். நரம்பும் ஹார்மோனைச் சுரக்கும் என்று ஒருவரும் சொல்லத் துணியாத காலத்தில் செய்யப்பட்ட முடிவு அது. உரிய காலத்தில் உரிய மதிப்பை அது பெறவில்லை. 1941-இல் நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கோபெச் திறந்த வழியில் வின்சென்ட் விக்கில்ஸ்வொர்த் என்ற ஆங்கில விஞ்ஞானி 1930-களில் வெகுதூரம் சென்றார். தென்னமெரிக்காவில் ரத்தம் குடித்து வாழும் ரோட்னியஸ் என்ற பூச்சியை அவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பூச்சி ஒவ்வொரு பருவத்திலும் ஒரே தடவை வயிறு புடைக்கக் குடித்து, அதன்பின் குறித்த நாளில் சட்டை உரிக்கும். குடித்த உடனே தலையைக் கொய்துவிட்டால் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆனால் சட்டை உரிக்காது. சில நாள் பொறுத்துக் கொய்தால் தலையில்லாமலே சட்டை உரிக்கும். இந்த இரண்டு வகைப் பூச்சிகளையும் கழுத்தோடு கழுத்து சேர்த்து மெழுகால் ஒட்டி, ஒன்றின் ரத்தம் மற்றதில் கலக்கும்படி விட்டபோது, உரிக்க வழியற்றிருந்ததும் கூடவே சட்டை உரித்தது. ஹார்வர்டு சர்வகலாசாலையில் கரோல் வில்லியம்ஸ் 1940-களில், செக்ரோப்பியா என்ற பெரிய பட்டந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து மூளையை எடுத்துவிட, அது அந்துப்பூச்சியாக மாறாமல் கூட்டுப்புழுவாகவே நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. குளிர்காலத்தைக் கண்ட வேறொரு கூட்டுப்புழுவின் மூளையை அதனுள் பதித்ததும், உறக்கம் கலைந்து இறகு முளைத்தது. உயிரோடிருப்பதற்கு மூளை வேண்டியதில்லை; வளர்ந்து இன்னொன்றாவதற்கு மூளை வேண்டும். இவ்விரண்டையும் நாம் ஒன்றாகவே நினைத்துப் பழகியிருக்கிறோம்.

காலையும் இறகையும் பற்றி நெடுநேரம் பேச வேண்டியதில்லை. இளங்கரப்பான் ஒரு காலை இழந்தால் அடுத்து வரும் சட்டை உரிப்புகளில் புதிய கால் முளைத்துவிடும். பழைய பாதத்தில் ஐந்து கணுக்கள் இருந்த இடத்தில் புதியதில் நான்கே இருக்கும் என்பதுதான் அடையாளம். முழு வளர்ச்சி பெற்றபின் சட்டை உரிப்பதில்லையாதலால், அதன்பின் இழந்தது இழந்ததுதான். மழை ஓய்ந்த மாலையில் விளக்கைச் சுற்றிப் பறந்து, மறுநாள் காலை திண்ணையெல்லாம் இறகைச் சிந்திவிட்டுப் போகும் ஈசல், இறகைப் பறிகொடுப்பதில்லை. அடியிலே இயல்பாக அமைந்த கோட்டில் தானே முறித்துப் போடுகிறது. ராணி எறும்பு இன்னும் ஒருபடி மேலே சென்று, இறகை உதிர்த்தபின் அதை இயக்கிய தசைகளையும் உள்ளுக்குள் கரைத்து, தன் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டிவிடுகிறது. பட்டுப்பூச்சிக்கு, கூட்டைவிட்டு வந்தபின், வாய்கூட இருந்தும் இல்லாததே. புழுவாயிருந்தபோது சேர்த்த கொழுப்பே அதன் ஆயுள் முழுவதற்குமான கட்டுச்சோறு.

ஆயினும் அற்பமாகத் தோன்றும் அவயவங்களில் சில அற்பமல்ல. ஈக்கு இரண்டே இறகுகள். பின்னிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு சிறு தண்டுகள் உண்டு. அவற்றை நீக்கினால் ஈ நிலைதடுமாறிப் போவதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வில்லியம் டெர்ஹாம் என்ற ஆங்கிலப் பாதிரியார் கண்டிருக்கிறார். அந்துப்பூச்சிக்கு அந்தத் தண்டுகள் கிடையாது. அந்த வேலையை அதன் உணர்கொம்புகள் செய்கின்றன என்பதை, இன்று பெங்களூரில் ஆராய்ச்சி நடத்திவரும் சஞ்சய் சானேயும் அவருடைய கூட்டாளிகளும் 2007-இல் காட்டினார்கள். உணர்கொம்பை வெட்டியதும் தாறுமாறாகப் பறந்து மோதிய பூச்சி, வெட்டிய துண்டைப் பசைவைத்து ஒட்டியதும் ஒழுங்காகப் பறந்தது. ஒட்டிய துண்டில் உயிருள்ள நரம்புத் தொடர்பு இல்லை. அதன் கனம் அடிப்பகுதியில் அசைவை உணர்த்தினாலே போதும் என்பது அதனால் விளங்கிற்று.

எந்த உறுப்பு போனால் பூச்சி நிச்சயமாகப் பிழைக்காது என்று என்னை ஒருவர் கேட்டால், உறுப்பென்றே யாரும் எண்ணாத ஒன்றை நான் சொல்லுவேன். அது அதன் மேல்தோலின்மேல் படிந்திருக்கும் மெழுகு. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இல்லாத படலம் அது. பூச்சி சிறிய பிராணி. உருவம் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் நீரின் அளவோடு ஒப்பிட, வெளிப்பரப்பு பெருத்துக்கொண்டே போகிறது. ஆகையால் நிலத்தில் வாழும் பூச்சிக்கு முதல் பகை வெயிலும் காற்றும்தான். அந்த மெழுகு சிராய்ந்துவிட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப்போய், ஒரு காயமுமில்லாமல் பூச்சி உலர்ந்து சாகிறது. முன் சொன்ன விக்கில்ஸ்வொர்த்தே 1945-இல் இதையும் ஆராய்ந்து, நுண்ணிய பொடியின்மேல் ஊர்ந்த பூச்சிகள் மெழுகு தேய்ந்து விரைவாக நீரை இழப்பதைக் கண்டார். பொடியில் விஷம் ஒன்றும் இல்லை. பூச்சி தன் நடையாலேயே தன்னைச் சிராய்த்துக்கொள்கிறது. நம் வீட்டுப் பெண்கள் பயற்றில் வண்டு விழாமலிருக்கச் சாம்பலைக் கலந்து பானையில் கொட்டிவைத்ததும், துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தி எடுத்துவைத்ததும், வேறு காரணங்களோடு இந்தக் காரணத்தாலும் பலித்த வழக்கங்களே. சாஸ்திரம் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. பலன் தெரிந்து செய்தார்கள் என்று சொல்லுவதே நியாயம்.

எந்த அவயவம் இன்றியமையாதது, எது அப்படியல்ல என்ற இந்த ஞானத்தை மனிதனுக்கு வெகுகாலம் முன்பே கைக்கொண்ட பிராணி ஒன்று உண்டு. நம் நாட்டிலும் காணப்படும் மரகதப் பச்சைக் குளவி, கரப்பானைப் பிடித்து முதலில் மார்பில் கொட்டுகிறது. முன்னங்கால்கள் சற்று நேரம் செயலற்றுப்போகின்றன. அந்த அவகாசத்தில் கழுத்தின் வழியே கொடுக்கை நுழைத்து, தலைக்குள்ளிருக்கும் நரம்புத் திரள்களைத் தேடிப்பிடித்து இரண்டாம் முறை கொட்டுகிறது. இதன் பயன் மரணமும் அல்ல, முடக்கமும் அல்ல. கரப்பானால் நடக்க முடியும். தானாக நடக்க வேண்டும் என்ற முனைப்பு மட்டும் அதற்கு அற்றுப்போகிறது. குளவி அதன் உணர்கொம்புகளைப் பாதியில் கத்தரித்து, கசியும் ரத்தத்தைச் சிறிது பருகிவிட்டு, எஞ்சிய முனையைப் பற்றி இழுக்க, கரப்பான் பின்னாலேயே நடந்து பொந்துக்குள் போகிறது. அதன் கால்மீது ஒரு முட்டையை இட்டுப் பொந்தின் வாயை அடைத்துவிட்டுக் குளவி போய்விடும். பொரித்து வரும் புழு முதலில் வெளியிலிருந்து உறிஞ்சி, பிறகு உள்ளே புகுந்து தின்கிறது. இரை அழுகிப்போனால் தனக்கும் கேடு என்பதனால், கடைசி வரையில் கரப்பானின் உயிர் போகாமலிருக்கிறது. தலையை வெட்டியும் உயிர் போகாத பிராணியின் தலையிலே, உயிரைத் தொடாமல் முனைப்பை மட்டும் அணைக்கும் அந்த இடத்தை ஒரு குளவி அறிந்து வைத்திருப்பதை நினைக்கையில், இஸ்ரேலில் பிரெடெரிக் லிபர்சாட் போன்ற விஞ்ஞானிகள் இந்த ஒரு கொட்டைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்ததில் வியப்பில்லை.

சில பூச்சிகளுக்கு, தம் உடம்பைச் சேராதது ஒன்று உயிருக்கு ஆதாரமாக அமைந்துவிடுவதும் உண்டு. மரத்தை நேரே தின்று வாழும் சிலவகைக் கறையான்களின் குடலில் நுண்ணுயிர்கள் நிறைந்திருக்கின்றன. அமெரிக்க விஞ்ஞானி கிளீவ்லண்டு 1920-களில், கறையானுக்குக் கேடு வராத அளவு வெப்பத்தால் அந்த நுண்ணுயிர்களை மட்டும் கொன்றுவிட்டுப் பார்த்தார். வாய் பழுதில்லை, குடல் பழுதில்லை. கறையான் வழக்கம்போல மரத்தைத் தின்றது. தின்றுகொண்டே பட்டினியால் மாண்டது. நுண்ணுயிர்கள் மீண்டும் புகுத்தப்பட்டவை பிழைத்தன. நம் ஊர்ப் புற்றுகளைக் கட்டும் கறையான்கள் வேறு வழியைப் பிடித்திருக்கின்றன. அவை குடலுக்கு வெளியே, புற்றுக்குள்ளே, காளானைப் பயிரிட்டு அதைக்கொண்டு ஜீரணிக்கின்றன.

வெட்டியும் கட்டியும் அறியப்பட்ட இந்த விஷயத்தை, ஒருவர் கையும் படாமல் இயற்கையே செய்து காட்டிய உதாரணம் அரக்குப் பூச்சி. தபால் பைகளுக்கு முத்திரையிடும் அரக்கும், மரச் சாமான்களுக்குப் பூசும் மெருகெண்ணெயும் அதன் உடம்பிலிருந்து சுரப்பவையே. சோட்டாநாகபுரிக் காடுகளில் புரசிலும் இலந்தையிலும் அதை வளர்க்கிறார்கள். ராஞ்சிக்கு அருகே நாம்குமில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் 1924-இல் ஏற்பட்டது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு மற்றப் பூச்சிகளைப் போலவே ஆறு கால்களும் கண்களும் உணர்கொம்புகளும் உண்டு. இளங்கிளை ஒன்றைத் தேடிப் பிடித்து, ஊசிபோன்ற வாயைப் பட்டைக்குள் இறக்கியதும் அதன் பயணம் முடிந்துவிடுகிறது. சட்டை உரித்தபின் பெண்பூச்சிக்குக் கால்கள் இல்லை, பார்வை இல்லை, உணர்கொம்பு பெயரளவில்தான், இறகு என்றைக்குமே இல்லை. தன்னைச் சுற்றித் தானே சுரந்த அரக்கு மூடிக்கொள்ள, பை போன்ற உடம்போடு அதற்குள்ளேயே வாழ்ந்து, அதற்குள்ளேயே முட்டையிட்டு, அதற்குள்ளேயே இறந்துபோகிறது. சாறு உறிஞ்சும் வாய், மூச்சு வாங்கும் துளைகள், கழிவை வெளியேற்றும் மலத்துளை: வெளியுலகத்தோடு அதற்குள்ள வழிகள் இவ்வளவே. மூச்சுத் துளைகளுக்கும் மலத்துளைக்கும் நேரே அரக்கிலும் திறப்புகள் விடப்பட்டிருக்கின்றன. அவை அடைபடாதபடி அவற்றின் வழியே வெண்ணிற மெழுகு இழைகள் வெளியே நீண்டிருக்கின்றன. கிளையிலே அந்த வெள்ளை இழைகள் தென்பட்டால் உள்ளே பூச்சி உயிரோடிருக்கிறது என்று பயிரிடுகிறவர்கள் அறிந்துகொள்கிறார்கள்.